வேகமான கார் எது? சோதனை ஓட்ட நேரங்களைப் படிக்கும் முறை

ஸ்பெயின் நாட்டில், பார்சலோனா நகரை அடுத்த மொன்ட்மெலோ என்னும் ஊரில் புகழ்பெற்ற மோட்டார் பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு மார்ச் 1 ஆம் நாள் அங்கே கார்கள் பறந்துகொண்டிருந்தன. ஆனால் அன்று பந்தயம் எதுவும் இல்லை. அந்த ஆண்டின் ஃபார்முலா 1 பந்தயங்கள் தொடங்குவதற்கு முன் நடந்த எட்டு நாள் சோதனை ஓட்டத்தின் கடைசி நாள் அது.

அன்று ஃபெராரி காரை ஓட்டிய செபாஸ்டியன் வெட்டல், 4.655 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1 நிமிடம் 16.221 வினாடியில் ஒரு முறை சுற்றி வந்தார். மெர்சிடிஸ் காரை ஓட்டிய லூயிஸ் ஹாமில்ட்டனுக்கு ஆன நேரம் 1 நிமிடம் 16.224 வினாடி. எட்டு நாட்களிலும் பதிவான நேரங்களில் இவ்விரண்டுமே மிகக் குறைந்தவை. இவற்றுக்கிடையே வேறுபாடு 0.003 வினாடிதான்.

இது எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? 4,655 மீட்டரை 76.22 வினாடியால் வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்கு 61 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. இந்த வேகத்தில் 0.003 வினாடியில் கார் கடக்கும் தொலைவு 18 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை! இரண்டு கார்களும் சமவலிமை உடையவை, ஃபெராரி ஒருவேளை சற்றே முந்தியிருக்கலாம் என்று பலரும் அன்று எண்ணியதில் வியப்பில்லை.

இப்போது அதே ஆண்டு மே 11 ஆம் நாளுக்கு வருவோம். அதே பாதை; அதே அணிகள். இம்முறை உண்மையான பந்தயத்தில் எந்தக் கார் முன்னால் நின்று புறப்படுவது என்பதை முடிவு செய்யும் தகுதிச் சுற்று. மெர்சிடிஸ் அணியின் வால்ட்டெரி போட்டாஸ் 1 நிமிடம் 15.406 வினாடியில் முதலிடம் பெற்றார். வெட்டலின் நேரம் 1 நிமிடம் 16.272 வினாடி. வேறுபாடு 0.866 வினாடி. தொலைவாகச் சொன்னால் 53 மீட்டர். அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களிலும் முதல் இரண்டு இடங்களை மெர்சிடிஸ் கார்களே பிடித்துக்கொண்டன.

ஒரு சாண் எங்கே, 53 மீட்டர் எங்கே! மார்ச் மாதத்தில் கடிகாரம் பொய் சொல்லிவிட்டதா? இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை அது சரியாகவே அளந்தது. அது எதை அளந்தது என்று புரிந்துகொள்வதில்தான் நாம் தவறினோம்.

நீளம் எழுதாத ஊசல்

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். ஒரு மாணவன் இருபது அலைவுகளுக்கான நேரத்தை மிகத் துல்லியமாக அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறான். ஆனால் ஊசலின் நீளத்தை எழுத மறந்துவிடுகிறான். அந்த நேரத்தைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட முடியுமா? முடியாது. ஓர் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எந்த நிலைமையில் அது பெறப்பட்டது என்பது தெரியாவிட்டால் அதிலிருந்து முடிவு எதையும் பெற இயலாது.

சோதனை ஓட்டத்தின் சுற்று நேரமும் இப்படிப்பட்டதே. காரில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, எஞ்சினின் முழுத் திறனும் பயன்படுத்தப்பட்டதா என்பனவற்றை எந்த அணியும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு சமன்பாடு. அதில் தெரியாத கணியங்கள் நான்கைந்து. இத்தகைய சமன்பாட்டுக்கு விடை காண முடியாது என்பது உங்களுக்கு இயற்கணித வகுப்பிலேயே தெரியும் அல்லவா?

எரிபொருளின் சுமை

தெரியாத கணியங்களில் முதன்மையானது எரிபொருள். 2010 ஆம் ஆண்டு முதல் ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்பத் தடை உள்ளது. ஆகவே முழுப் பந்தயத்துக்கும் வேண்டியதைச் சுமந்துகொண்டுதான் கார் புறப்பட வேண்டும். 2019 இல் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்ட எரிபொருள் 110 கிலோகிராம். ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் குறைந்த அளவு நிறை ஏறக்குறைய 740 கிலோகிராம்.

பார்சலோனா போன்ற ஒரு பாதையில் 10 கிலோகிராம் எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி கூடும் என்பது பந்தயப் பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. அப்படியானால் காலியான தொட்டிக்கும் நிறைந்த தொட்டிக்கும் இடையே உள்ள வேறுபாடு 3.3 வினாடி! இதோடு ஒப்பிட்டால் நாம் முன்பு பார்த்த 0.003 வினாடி எம்மாத்திரம்? வெறும் 100 கிராம் எரிபொருள் அந்த வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

நிறை கூடினால் கார் ஏன் மெதுவாகிறது? நேர்ப்பாதையில் விடை எளிது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தால் கிடைப்பது. எஞ்சின் தரும் விசை மாறாதபோது நிறை கூடினால் முடுக்கம் குறையும். வேகத்தைக் குறைக்கும்போதும் கனமான கார் முன்னதாகவே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

வளைவுகளில் நடப்பது இன்னும் சுவையானது. வளைவில் திரும்ப மையநோக்கு விசை தேவை. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வே அதை அளிக்கிறது. சாதாரணக் காரில் நிறை கூடினால் தேவைப்படும் விசையும் கூடும். தரையை அழுத்தும் விசை கூடுவதால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். எனவே வளைவில் செல்லக்கூடிய வேகம் பெரிதும் மாறாது. ஆனால் பந்தயக் காருக்கு இறக்கைகள் உண்டு. விமானத்தின் இறக்கை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கையோ தலைகீழாக அமைந்து காரைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. இதைக் கீழழுத்த விசை என்போம். இதையும் சேர்த்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது இது:

வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × வளைவின் ஆரம் × (புவியீர்ப்பு முடுக்கம் + கீழழுத்த விசை ÷ நிறை)

அடைப்புக்குள் உள்ள கடைசி உறுப்பைக் கவனியுங்கள். எரிபொருள் கூடியதற்காக இறக்கை கூடுதலாக அழுத்தாது. நிறை மட்டும் கூடுகிறது. ஆகவே அந்த உறுப்பு சிறியதாகி, வளைவில் செல்லக்கூடிய வேகம் குறைகிறது. போதாக்குறைக்கு, ரப்பர் டயரின் உராய்வுக் குணகமும் சுமை கூடக் கூடச் சற்றே குறையும்.

டயரும் காற்றும்

இரண்டாவது கணியம் டயர். 2019 முதல் பிரெல்லி நிறுவனம் தன் டயர்களை சி1, சி2 என்று தொடங்கி சி5 வரை வரிசைப்படுத்தியது. சி1 மிகக் கடினமானது. சி5 மிக மென்மையானது. மென்மையான டயர் தரையை நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். அடுத்தடுத்த இரு வகைகளுக்கு இடையே சுற்றுக்கு அரை வினாடி அளவுக்கு வேறுபாடு இருக்கக்கூடும். எந்த டயர் பூட்டப்பட்டது என்பது பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். ஆகவே நேரப் பட்டியலைப் பார்க்கும்போது பக்கத்தில் டயரின் வகையையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 1 ஆம் நாள் வெட்டல் ஓட்டியது சி5 டயரில். மே மாதப் பந்தயத்துக்கு அங்கே கொண்டுவரப்பட்டவை சி1, சி2, சி3 ஆகியவை மட்டுமே. ஆனாலும் அவருடைய இரு நேரங்களுக்கும் இடையே 0.051 வினாடிதான் வேறுபாடு. கடினமான டயரிலும் அதே நேரம் என்றால், மே மாதத்தில் வேறு ஏதோ ஒன்று சாதகமாக இருந்திருக்க வேண்டும். எரிபொருள் குறைவா, காரில் செய்த மாற்றமா, பாதையின் நிலையா? கடிகாரம் அதைச் சொல்லாது. எண் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகிவிட்டது.

மூன்றாவது கணியம் காற்றும் வெப்பநிலையும். கீழழுத்த விசை காற்றின் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 28 டிகிரி செல்சியஸ் என்பது 301 கெல்வின். 10 டிகிரி என்பது 283 கெல்வின். 301 ஐ 283 ஆல் வகுத்தால் 1.06 வருகிறது. அதாவது குளிர்ந்த காலைப் பொழுதில் காற்று 6 சதவீதம் அடர்த்தி மிகுந்தது. கார் அந்த அளவுக்குக் கூடுதலாக அழுத்தப்படும். காற்றின் தடையும் அதே அளவுக்குக் கூடும். ஆனால் தரை மிகவும் குளிர்ந்திருந்தால் டயர் வேண்டிய சூட்டை அடையாமல் வழுக்கும். பஹ்ரைன் நாட்டிலும் சோதனை ஓட்டம் நடப்பதுண்டு. அங்கே 2014 முதல் பந்தயம் இரவு விளக்கொளியில் நடக்கிறது. எனவே பாலைவனத்துப் பிற்பகல் வெயிலில் பதிவான நேரத்தையும் அந்திக்குப் பின் பதிவான நேரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சோதனை ஓட்டம் எதற்காக?

இத்தனை குழப்பங்கள் இருக்கும்போது அணிகள் ஏன் ஓட்டுகின்றன என்று கேட்பீர்கள். முதலிடம் பிடிப்பதற்கு அல்ல. தம் காரைத் தாமே அறிந்துகொள்வதற்காக. சில நேரங்களில் காரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சல்லடைச் சட்டம் போன்ற அமைப்பைப் பொருத்தி ஓட்டுவார்கள். அதில் வரிசை வரிசையாக இருப்பவை பிட்டாட் குழாய்கள். காற்றின் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து அதன் வேகத்தைக் கணக்கிட உதவுபவை. அச்சட்டத்தைச் சுமந்து செல்லும் காரின் சுற்று நேரத்துக்குப் பொருளே இல்லை.

காரின் உறுதியை அறிவதும் முக்கியமான நோக்கம். 2014 இல் எஞ்சின் விதிகள் அடியோடு மாறின. அந்த ஆண்டின் முதல் சோதனை ஓட்டம் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் நான்கு நாட்கள் நடந்தது. மெர்சிடிஸ் அணி 309 சுற்றுகள் ஓடியது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் சாம்பியனாக இருந்த ரெட் புல் அணியின் கார் மீண்டும் மீண்டும் நின்றுபோய், நான்கு நாட்களிலும் சேர்த்து 21 சுற்றுகளே ஓடியது. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் மெர்சிடிஸ் வென்றவை 16. ரெட் புல் வென்றவை 3. ஆகவே பட்டியலில் நேரத்துக்கு முன்பாகச் சுற்றுகளின் எண்ணிக்கையைப் படிப்பது நல்லது.

இரண்டு அணிகளின் கதை

சில அணிகள் வேண்டுமென்றே கூடுதல் எரிபொருளோடு ஓடித் தம் வலிமையை மறைக்கும். வேறு சிலவோ தொட்டியை ஏறக்குறையக் காலியாக வைத்து ஒரு சுற்று ஓடி, பட்டியலின் உச்சியில் தம் பெயர் வருமாறு செய்யும். விளம்பரம் தரும் நிறுவனங்களின் கண்ணில் படுவதற்காக!

2001 ஆம் ஆண்டு குளிர்காலச் சோதனைகளில் ப்ரோஸ்ட் அணியின் காரில் ழான் அலெசி வியப்பூட்டும் நேரங்களைப் பதித்தார். ஆனால் பந்தயங்கள் தொடங்கியபின் அந்த ஆண்டு முழுவதிலும் அவ்வணிக்குக் கிடைத்தவை 4 புள்ளிகள். 2002 தொடக்கத்தில் பணமின்றி அணியே மூடப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே காட்சி மீண்டும் வந்தது. 2008 டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயத்திலிருந்து விலகியது. அணியில் பணியாற்றிய நூற்றுக்கணக்கானோரின் வேலை ஊசலாடியது. 2009 மார்ச் மாதத்தில் ராஸ் பிரான் என்ற பொறியாளர் அணியை ஏற்று, ‘பிரான் ஜிபி’ என்று பெயரிட்டார். விளம்பரங்கள் ஏதுமற்ற வெள்ளைக் கார் ஒன்று பார்சலோனாவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. மற்றவர்களை எளிதாக முந்தியது. ‘இதுவும் காலித் தொட்டி வேலைதான்’ என்று பலர் ஐயுற்றனர். அந்த ஆண்டின் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை அந்தக் காரில் ஜென்சன் பட்டன் வென்றார். ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் பிரான் அணிக்கே கிடைத்தன.

ஒரே வகையான எண். ஒன்றின் பின்னே வறுமை, மற்றொன்றின் பின்னே உண்மையான வலிமை. நம்புவதும் தவறாகலாம், நம்ப மறுப்பதும் தவறாகலாம். ஒற்றைச் சுற்று நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

சாய்வு சொல்லும் செய்தி

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு சுற்றைப் பார்க்காமல், கார் நிற்காமல் ஓடிய நீண்ட ஓட்டம் ஒன்றைப் பாருங்கள். பார்சலோனாவில் பந்தயம் 66 சுற்றுகள். 110 கிலோகிராமை 66 ஆல் வகுத்தால், சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 1.67 கிலோகிராம் எரிபொருள் செலவாகிறது. 10 கிலோகிராமுக்கு 0.3 வினாடி என்பதால், எரிபொருள் குறைவதாலேயே ஒவ்வொரு சுற்றிலும் கார் 0.05 வினாடி விரைவாக வேண்டும். டயர் தேய்வதோ காரை மெதுவாக்குகிறது. நாம் காணும் மாற்றம் இவ்விரண்டின் கூட்டுத்தொகை.

கற்பனையாக இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். பச்சைக் காரின் மிகச் சிறந்த ஒற்றைச் சுற்று 77.0 வினாடி, நீலக் காருடையது 77.6 வினாடி. பட்டியலில் பச்சைதான் மேலே. ஆனால் இரண்டும் ஒரே வகை டயரில் 16 சுற்றுகள் தொடர்ந்து ஓடியபோது கிடைத்த நேரங்கள் இவை (வினாடியில்):

சுற்று 1: பச்சை 81.0, நீலம் 81.4
சுற்று 5: பச்சை 81.4; நீலம் 81.4
சுற்று 9: பச்சை 81.8, நீலம் 81.4
சுற்று 16: பச்சை 82.5, நீலம் 81.4

வரைபடத் தாளில் இவற்றைக் குறித்துப் பாருங்கள். பச்சைக் காரின் கோடு சுற்றுக்கு 0.1 வினாடி வீதம் ஏறுகிறது. நீலக் காரின் கோடு கிடைமட்டமாக இருக்கிறது. எரிபொருளால் வரும் 0.05 வினாடி ஆதாயத்தையும் கணக்கில் கொண்டால், பச்சைக் காரின் டயர் சுற்றுக்கு 0.15 வினாடி இழக்கிறது. நீலக் காரின் டயர் 0.05 வினாடிதான் இழக்கிறது. ஐந்தாம் சுற்றில் இரண்டின் வேகமும் சமம். ஒன்பது சுற்றுகளின் நேரங்களைக் கூட்டினால் இரண்டுக்கும் 732.6 வினாடி. பதினாறாம் சுற்றின் முடிவில் நீலக் கார் 5.6 வினாடி முன்னே நிற்கும். ஒற்றைச் சுற்றில் தோற்ற கார், தொடர் ஓட்டத்தில் வெல்கிறது!

இம்முறையின் அழகு எதில் இருக்கிறது தெரியுமா? தொடக்கத்தில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பது நமக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அந்தத் தெரியாத அளவு எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவானது. அது கோட்டை மேலே தூக்கும் அல்லது கீழே இறக்கும்; சாய்வை மாற்றாது. முதல் சுற்றில் கண்ட 0.4 வினாடி வேறுபாடு வெறும் 13 கிலோகிராம் எரிபொருளால் வந்திருக்கலாம். அதை நம்ப வேண்டாம். சாய்வுகளின் வேறுபாட்டைச் சற்றுக் கூடுதலாக நம்பலாம். தெரியாத ஒரு மாறிலியைக் கழித்தல் மூலம் நீக்கிவிடுவது இயற்பியலில் அடிக்கடி கையாளப்படும் உத்தி.

இன்னொரு துப்பும் இங்கே கிடைக்கிறது. 16 சுற்றுகள் நிற்காமல் ஓடிய கார், தொடக்கத்தில் குறைந்தது 16 × 1.67, அதாவது 27 கிலோகிராம் எரிபொருளாவது வைத்திருந்திருக்க வேண்டும். மேல் எல்லை தெரியாவிட்டாலும் கீழ் எல்லை உறுதி. மூன்றே சுற்றில் திரும்பிவிட்ட காரைப் பற்றி இந்த அளவுக்குக்கூடச் சொல்ல முடியாது.

இதிலும் எச்சரிக்கை தேவை. ஓட்டுநர் டயரைக் காப்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கலாம். காற்றின் திசை நடுவில் மாறியிருக்கலாம். முன்னே சென்ற மற்றொரு கார் தடுத்திருக்கலாம். எனவே ஒரே ஓட்டத்தோடு நிறுத்தாமல், வெவ்வேறு நாட்களின் நீண்ட ஓட்டங்களையும் ஒப்பிட வேண்டும். முடிவையும் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், ‘நீலக் கார் அரை வினாடி முன்னே, ஆனால் இக்கணிப்பில் 0.8 வினாடி வரை பிழை இருக்கலாம்’ என்பது போலச் சொல்ல வேண்டும். வேறுபாட்டைவிடப் பிழை பெரிதானால், எது வேகமான கார் என்று சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை. அந்த விடையைச் சொல்லத் தயங்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குப் பந்தயக் கார் தேவையில்லை. ஒரு சைக்கிள் போதும். பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்றுகள் தொடர்ந்து ஓட்டுங்கள். நண்பர் ஒருவர் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். சற்று இளைப்பாறியபின், புத்தகப் பையைச் சுமந்துகொண்டு மறுபடியும் பத்துச் சுற்றுகள் ஓட்டுங்கள். டயரில் காற்று எப்படி இருந்தது, எந்தத் திசையில் காற்று வீசியது, காலையா மாலையா என்பனவற்றை மறக்காமல் எழுதுங்கள். இரண்டு கோடுகளையும் வரைந்து பாருங்கள். பை கோட்டை மேலே தூக்குகிறதா? உங்கள் களைப்பு கோட்டைச் சாய்க்கிறதா?

பிறகு, உங்கள் வகுப்பில் எந்தச் சைக்கிள் மிக வேகமானது என்று யாராவது ஒரே ஒரு சுற்றின் நேரத்தைக் காட்டி வாதிட்டால், அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன என்பது உங்களுக்கே விளங்கும்.